எர்துக்ருலின் இனிஷியல்

“அப்பா பேரை மாத்தணுங்க.”

“யாரோட அப்பா பேரை?”

“எர்துக்ருலோட அப்பா பேரை.”

“அவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமே.”

“அவர் செத்து எழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க.”

நான்கு வருடங்களுக்கு முன் அருளிடம் முதன்முதலாகப் பேசியது மதிவதனிக்கு ஒரு வரி விடாமல் நினைவிருந்தது. அம்பத்தூரில் அவள் நடத்தும் டைப்பிங் கடைக்குப் பெயர் மாற்ற விண்ணப்பங்கள் நிறைய வரும். துருக்கியிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

ஒட்டோமான் பேரரசைத் தொடங்கிய உஸ்மானின் அப்பா எர்துக்ருல். அந்த எர்துக்ருலின் அப்பா சுலைமான் ஷாவா, குண்டூஸ் ஆல்பா? சரித்திரக்காரர்களுக்கே சந்தேகம். அருளின் ஆராய்ச்சியே அதுதான்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்தான். ஒரு வாரம் அவன் தீசிஸில் சுலைமானைக் குண்டூஸ் ஆக்குவாள். மறுவாரம் குண்டூஸ் மறுபடியும் சுலைமான். சந்தேகம் தீர்ந்துவிட்டால் இவன் இந்தப் பக்கமே வரமாட்டானே என்ற பயத்தில், “எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடுங்க” என்று சொல்லியே அனுப்புவாள்.

இன்று வந்ததும் வராததுமாக, “இதோட சரி. இனிமே மாத்த மாட்டேன்” என்றான்.

அவள் விரல்கள் அப்படியே நின்றன.

ரேஷன் கார்டு விண்ணப்பத்துடன் காத்திருந்த வேம்புலிக்குப் பொறுக்கவில்லை. “இன்னா நைனா, அப்பா பேர்ல இவ்ளோ கொயப்பமா?”

“என் அப்பா இல்லண்ணே. துருக்கி ராஜாவோட அப்பா.”

“சர்தான். அந்தாளுக்கு இன்னா இனிஷியல்?”

“எஸ்ஸா ஜியான்னுதான் தெரியலை.”

“இனிஷியல் இல்லாமயா நாட்டை ஆண்டுகினு இருந்தானுங்க? இங்க ஒரு கேஸ் கனெக்‌ஷன் குடுக்க மாட்டான்.”

மதிவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. “தீசிஸை எப்பக் குடுக்கணும்?” என்றாள், திரையைப் பார்த்தபடியே.

அருள் தலையைச் சொறிந்தான். “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே குடுத்துட்டேங்க. ‘உறுதியாகத் தெரியவில்லை’ன்னு எழுதினேன். பட்டமும் வந்துடுச்சு.”

“அப்போ இத்தனை சனிக்கிழமையும் நான் மாத்தினது?”

“எர்துக்ருல் எந்த இனிஷியலோட வேணா இருந்துட்டுப் போகட்டுங்க. உங்க இனிஷியலை மட்டும் என் பேருக்கு மாத்திக்கிறீங்களா?”