செயின் சத்தம்

டீச்சர் மறுபடியும் நிறுத்தினாள்.

இந்த ஏற்றத்தில் இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவன் விட்டுவிட்டான். எண்ணினால் வயிறு எரிந்தது.

அவனும் ஒரு காலைச் சரளையில் ஊன்றி நின்றான். வேறு வழியில்லை. கூட்டத்தின் கடைசி சைக்கிளுக்குப் பின்னால் வருவதுதான் அவன் வேலை. முந்தக் கூடாது. கடைசி ஆள் நின்றால் நிற்க வேண்டும், உருண்டு விழுந்தால் தூக்க வேண்டும்.

அதனால் அவனுக்கு வால் என்று பெயர். மலைப்பாதையில் ஐந்து நாள் சைக்கிள் பயணம் கூட்டிப்போகும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், முதலாளியைத் தவிர. முதலாளி அவன் மச்சினன், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. மாமா என்றுதான் கூப்பிடுவான். மரியாதைக்குக் குறைச்சலில்லை.

அந்த மரியாதையோடுதான் போன பயணம் முடிந்ததும் சொன்னான்.

"மாமா, நீங்க வந்து சேர்றதுக்குள்ள தினமும் இருட்டிடுது. இந்தத் தடவையும் அப்படின்னா, பேசாம வேனுக்கு வந்துடுங்க."

வேன் என்றால் சாமான் வேன். காலையில் எல்லோருடைய பைகளையும் ஏற்ற வேண்டும், சாயங்காலம் இறக்க வேண்டும். கல் குவாரியில் லோடு ஏற்றி, மீசை முளைக்கும் முன்பே முதுகு வளைந்தவன் அவன். நிமிர்த்தி உட்கார வைத்தது இந்த சைக்கிள்தான். மறுபடியும் மூட்டை தூக்கவா இவ்வளவு தூரம் வந்தது?

போன தடவைத் தாமதத்துக்கெல்லாம் காரணம் இருந்தது. ஒரு நாள் டயர், ஒரு நாள் செயின். இந்தத் தடவை இரண்டையும் புதிதாக மாற்றிக்கொண்டுதான் கிளம்பினான். அப்படியும் இந்தப் பெண்பிள்ளை வந்து வாய்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராம். பிள்ளைகளுக்கு உட்காரத்தான் சொல்லிக் கொடுப்பாள் போலிருக்கிறது. நேற்றுவரை மச்சினன் சக்கரத்தை ஒட்டி முன்னால் பறந்தவள், இன்று காலையிலிருந்து முழங்கால் வலி என்று பின்னால் ஒட்டிக்கொண்டாள். வளைவுக்கு வளைவு நிறுத்தம். நிறுத்தினால் போனை எடுத்துப் பள்ளத்தாக்குப் பக்கம் நீட்டுவாள்.

பள்ளத்தாக்கில் என்ன இருந்தது? வெள்ளையடித்த சுவர் மாதிரி மூடுபனி. ஒரு மரம்கூடத் தெரியவில்லை. அதையும் இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி எடுத்தாள்.

சீக்கிரம் வாங்க டீச்சர் என்று சொல்லத்தான் நினைத்தான். வாய் வறண்டு, வார்த்தை உடனே வரவில்லை. எல்லாம் இந்த ரோட்டுப் புழுதி.

சும்மா நிற்பானேன் என்று பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலைக் கையால் சுற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டான். புதுச் செயினும் சரியில்லை. ஏற்றம் வந்தால் போதும், கர்ர் கர்ர் என்று மரம் அறுக்கிற சத்தம். எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் சுற்றினால் அடங்கும். மிதிக்க ஆரம்பித்தால் திரும்பி வரும். கடைக்காரன் நன்றாகத் தலையில் கட்டிவிட்டான்.

அதிலும் ஒரு வேடிக்கை. இங்கே சத்தம் அடங்கினால்தான் அங்கே அவளுக்குப் படம் எடுத்து முடியும். சொல்லி வைத்த மாதிரி அப்போதுதான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறுவாள்.

தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. எங்கே இருக்கிறீர்கள், எல்லோரும் வந்து டீ குடித்தாயிற்று என்றான் மச்சினன்.

"டீச்சர்தான் நின்னு நின்னு வர்றாங்க. நான் என்ன பண்றது?" அவள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆமாம், என் பெயரையே சொல்லிவிடுங்கள் என்றாள். கோபம்கூட வராத ஜன்மம்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

கூடாரங்களுக்கு முன்னால் மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்து வைத்திருந்தான். அவன் வாயைத் திறக்குமுன் டீச்சர் முந்திக்கொண்டாள்.

"எல்லாம் என்னாலதாங்க. அண்ணன் பாவம், ஒரு வார்த்தை சொல்லாம கூடவே வந்தாரு."

காசு கொடுத்து வந்தவளிடம் மச்சினன் என்ன பேசுவான்? கைகள் தாமாகப் பிரிந்தன. அதனாலென்ன டீச்சர் என்றான். நீங்க சாப்பிடுங்க மாமா என்றான்.

வேனுக்குப் போவதிலிருந்து தப்பினான். அப்படியும் அவனுக்கு எரிச்சல் அடங்கவில்லை. நாள் முழுக்க உயிரை வாங்கிவிட்டு, கடைசியில் நல்ல பெயரும் அவளுக்குத்தான்.

வேன் டிரைவர் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், போன் செத்துப்போச்சுன்னு காலையில கெளம்புறப்பவே சொன்னீங்களே. குடுங்க, சார்ஜ் போடுறேன்."

அவள் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். அவன் இருந்த பக்கம் பார்க்காமல் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கூடாரத்துக்கு நடந்தாள். முழங்கால் வலிக்கிற நடை இல்லை அது.

டிரைவரும் போனார். மச்சினனும் போய்விட்டான்.

ஆளில்லாத அந்த அமைதியில் கர்ர் கர்ர் என்று மரம் அறுக்கிற சத்தம் கேட்டது.

அவன் திரும்பி சைக்கிளைப் பார்த்தான். பாறையில் சாய்ந்தபடி இருந்தது. செயின் அசையவில்லை. அவன் நெஞ்சுதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.