எழுத்து போடாத பேஸ்டி

"பெரியவரே, இப்ப அடையாள அட்டையை எடுத்து மேஜை மேல வைக்கிறீங்களா, இல்ல ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டறீங்களா?"

டெல்லா பென்ஹேல் போட்ட சத்தத்துக்கு பக் தலை நிமிரவில்லை. மாவு வட்டத்தில் கறியையும் உருளைக்கிழங்கையும் அள்ளி வைத்து, மடித்து, ஓரத்தை விரலால் முறுக்கிக்கொண்டே போனார். எழுபது வயதுக் கைகள். ஒரு முறுக்குகூடப் பிசகவில்லை.

"ஏப்ரனைக் கழட்டிட்டா நாளன்னைக்கு என்னம்மா பண்ணுவே?"

அதுதான் டெல்லாவின் கவலை. நாளை மறுநாள் மிச்சிகன் முழுக்க மான் வேட்டை ஆரம்பம். இந்தச் சுரங்க ஊரில் துப்பாக்கி இல்லாமல்கூட ஒருவன் காட்டுக்குப் போவான். கறி வைத்து மடித்துச் சுட்ட இந்தப் பேஸ்டி இல்லாமல் போகமாட்டான். ஐந்நூறு பேஸ்டிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

இத்தனை வருஷமும் அம்மாவும் மகளுமாக ஓட்டிய கடை. பனி உருகும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். ஒற்றைக் கையால் முடியாமல் 'ஆள் தேவை' என்று கண்ணாடியில் ஒட்டினாள் டெல்லா. மறுநாள் காலையில் வந்து நின்றவர் பக். முழுப் பேர் கேட்டால், "பக்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பேன், போதாதா?" என்பார்.

"எதிர்த்த பேக்கரி எப்படி மூடிச்சு தெரியுமா?" என்றாள் டெல்லா. "ஒரு பையனைப் பதியாம வேலைக்கு வெச்சிருந்தாங்க. மாநில வரிக்காரங்க வந்து அபராதம் போட்டாங்க. அடுத்த மாசம் அடுப்பு அணைஞ்சுது. எனக்கு இருக்கிறது இந்த ஒரு கடைதான்."

"எனக்குச் சம்பளமே வேணாம். அப்புறம் எதுக்கு வரி, எதுக்குப் பதிவு?"

டெல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கூலி குறைத்துக் கேட்பவன் உண்டு. கூலியே வேண்டாம் என்பவன்?

"யாரையாவது கொன்னுட்டு வந்தீங்களா?"

"சேச்சே."

"ஜெயில்ல இருந்து ஓடி வந்தீங்களா?"

"ஓடினது வாஸ்தவம். ஜெயில்ல இருந்து இல்ல."

"விளையாடாதீங்க பெரியவரே!"

"அட்டையில பேரைப் பார்த்தா நீயே என்னை வெளியே தள்ளிடுவேம்மா. ஐந்நூறையும் முடிச்சுக் குடுத்துட்டு நானே போயிடறேன். அதுவரைக்கும் விடேன்."

அடுப்பின் முன்னால் மதியச் சாப்பாட்டுக்கான இரண்டு பேஸ்டிகள் தட்டில் காத்திருந்தன. சுரங்கத்து இருட்டில் யாருடையது என்று தெரிய, குடும்பப் பேரின் முதல் எழுத்தை மாவில் செய்து மூலையில் ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். டெல்லாவுடையதில் பென்ஹேலுக்கான 'P' இருந்தது. பக்குடையது என்றைக்கும் போல மொட்டை.

"இதுலகூட ஓர் எழுத்து போடமாட்டீங்க, இல்ல?"

"திங்கறவனுக்குத் தெரியாதா எது தன்னோடதுன்னு?"

போன் அடித்தது. கணக்கு பார்க்கும் ஐனோ. பள்ளித் தோழி. கையெல்லாம் மாவு என்பதால் டெல்லா முழங்கையால் போனின் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அடியே, கம்ப்யூட்டரைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். முதலாளின்னு உன் பேரைப் பதிஞ்சாச்சு. ஆள் பேரும் நம்பரும் சொல்லு."

"குடுக்கமாட்டேங்கிறார் ஐனோ. சம்பளமும் வேணாமாம்."

"பைத்தியமா உனக்கு? சும்மா வேலை வாங்கினா அது இன்னும் பெரிய குத்தம். வேட்டைக்காரன் கூட்டத்தோட கூட்டமா அதிகாரியும் வந்து வரிசையில நிப்பான், பார்த்துக்கோ. பேரைக் குடுக்கலைன்னா இப்பவே அனுப்பிடு."

டெல்லா கண்களை மூடித் திறந்தாள். ஆளை அனுப்பினால் ஐந்நூறு பேஸ்டி போச்சு. இந்தச் சீசன் போனால் குளிர்காலம் தாங்காது. வைத்துக்கொண்டால் கடையே போச்சு.

"கழட்டுங்க பெரியவரே," என்றாள். "அந்தப் பக்கமா போயிடுங்க. நான் தனியா பார்த்துக்கறேன்."

பக் ஏப்ரன் முடிச்சில் கை வைத்தார். முடிச்சு அவிழவில்லை. இத்தனை நாளில் அந்த விரல்கள் தடுமாறி அவள் பார்த்ததில்லை.

"ஒரு நிமிஷம் இரு," என்றாள் ஐனோ. "எதுக்கும் சம்பிரதாயத்துக்கு ஒண்ணு கேட்டுடறேன். அவர் உனக்குப் புருஷனா, அப்பாவா, பிள்ளையா? சொந்தக் கடையில அந்த மாதிரி ஆள் வேலை செஞ்சா, வேலையிழப்புக் காப்பீட்டு வரிக்குப் பதியவே வேணாம். உங்கம்மா இருந்தவரைக்கும் நாம பதிஞ்சோமா என்ன?"

இத்தனை நெருக்கடியிலும் டெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "இந்த வயசுல இவரைப் பிள்ளையா தத்தெடுக்கச் சொல்றியா? புருஷன்னு ஒருத்தன் வந்தா உனக்குச் சொல்லாமலா? அப்பா பேரை எடுத்தாலே எங்கம்மா மாவு தேய்க்கிற கட்டையை எடுப்பா, உனக்குத் தெரியாதா? நான் நடக்கப் பழகறதுக்குள்ள, பென்ஹேல்ங்கிற பேரை மட்டும் விட்டுட்டு ஓடிப்போன மனுஷன்."

"அப்போ மூணுக்கும் இல்லைன்னு போட்டுடறேன்."

"இரும்மா," என்றார் பக். போனைப் பார்த்துச் சொன்னாரா, டெல்லாவைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஏப்ரனைக் கழற்றவில்லை. மேஜையில் கிடந்த மாவுத் துணுக்கை எடுத்தார். கயிறாக உருட்டினார். வளைத்தார். தன் மொட்டைப் பேஸ்டியின் மூலையில் மெல்ல அழுத்தி ஒட்டினார்.

"டெல்லா, லைன்ல இருக்கியா? என்ன போடட்டும்?"

டெல்லா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தட்டில் இப்போது 'P' போட்ட பேஸ்டிகள் இரண்டு இருந்தன.