மூன்று காலப்பயண நாவல்கள்

இந்த ஆண்டு வந்த மூன்று காலப்பயண நாவல்களும் குப்பை என்று வாசகர் வட்டத்தில் செண்பகவல்லி சொன்னாள். கூட்டத்தை நடத்தியவர் சிரித்துக்கொண்டே காரணம் கேட்டார்.

“மெஷின்ல குத்தமில்ல சார். அதுல ஏறுறவனெல்லாம் ராஜாவக் காப்பாத்தப் போறான், போர நிறுத்தப் போறான். ஒருத்தனாவது தன் வீட்டுக்குப் போயி, தொறந்து கெடக்குற கேட்டச் சாத்திட்டு வந்தானா?”

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அவள் கணவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். முன்பொரு நாள் அவன் சாத்தாமல் விட்ட கேட் வழியாகத்தான் அவர்களுடைய ஒரே மகள் லாரிக்கு முன்னால் ஓடினாள்.

வீடு திரும்பியதும் அவன் கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினான். வழக்கம்போல ஆட்டிப் பார்த்தான்.

“நல்லா ஆட்டிப் பாருங்க,” என்றாள் செண்பகவல்லி. “உள்ள யாரு இருக்கா, ரோட்டுக்கு ஓட?”