செத்த பற்றறி

பழைய வீடியோ கேம் சேர்ப்பதில் ஜெமீலுக்கு இருந்த பைத்தியம் கல்முனையே அறிந்தது. அவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கும் வித்தைதான் யாருக்கும் தெரியாது.

சட்டைப் பையில் செத்த பற்றறி, காற்சட்டைப் பையில் நல்லது. வித்தை அவ்வளவுதான்.

அட்டாளைச்சேனையில் நஸீறா வீட்டு முற்றத்தில் புதுத் தகரங்கள் இரண்டு, கட்டு அவிழ்க்காமல், சாத்தியிருந்தன. வசதிக்குக் குறைவில்லை, பிறகும் உள்ளங்கை அளவுக் கேமுக்கு ஐந்நூறு கேட்கிறாளே என்று அவனுக்கு எரிச்சல்.

மௌத்தாகி மண்ணுக்குள் போன புருசன் எண்பதுகளில் குவைத்திலிருந்து கொண்டுவந்ததாம். சோடியாக இரண்டு, ஒன்றைப் பக்கத்து வீட்டு மாஸ்டர் வாங்கிவிட்டாராம். அந்தச் சின்னப் பற்றறி ஊரில் கிடைக்காததால் வருசக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்தவையாம்.

அவள் தேத்தண்ணி எடுக்க உள்ளே போன நேரம் நல்ல பற்றறியைப் போட்டுப் பார்த்தான். திரையில் பொம்மை துள்ளி ஓடியது. எத்தனை வருசமாகத் தேடிய கேம்! சட்டென்று பற்றறியை மாற்றினான்.

"செத்துப் போச்சு ராத்தா, பாருங்க. உதிரிப் பாகத்துக்கு எண்டு அம்பது தாறன்."

நஸீறாவின் முகம் வாடியது. ஆனாலும் கேமை அவன் பக்கமே தள்ளினாள்.

"செத்த சாமானுக்குக் காசு வாங்கினா ஹறாம் தம்பி. சும்மா கொண்டு போங்க."

மரியாதைக்கு ஒருமுறை மறுத்துவிட்டு எடுத்துக்கொண்டான். இவ்வளவு மலிவாக அவனுக்கு எதுவும் கிடைத்ததில்லை. சைக்கிளை எடுக்கும்போது பார்த்தால், நஸீறா முக்காட்டை இழுத்துவிட்டுத் தகரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கே என்று கேட்டான்.

"சந்திக் கடைக்கு. மாஸ்டர் தந்த காசிலதான் இத வாங்கினன். ஒரே பெட்டிக்குள்ள கிடந்த சாமான், அதும் செத்துத்தானே இரிக்கும். அவரு இன்னும் பற்றறி போட்டுப் பாக்கல்ல. இதத் திருப்பிக் குடுத்து அவர்ர காசக் குடுத்திரணும்."

ஜெமீல் அப்போதுதான் கூரையைப் பார்த்தான். பழைய தகரத்து ஓட்டைகளில் சாக்கு அடைத்திருந்தது. மாரி தொடங்க ஒரு மாதமும் இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, திரும்பி நின்று பற்றறியை மாற்றினான். கேம் கீச்சிட்டது. இப்போது வேலை செய்கிறது, மாஸ்டருடையதும் நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லி, அவள் கேட்ட ஐந்நூறையும் நீட்டினான். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

நஸீறா தகரத்தை இறக்கி வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வாங்கிய காசில் நூறு ரூபாயைப் பிரித்து அவனிடமே நீட்டினாள்.

"அல்லாஹ் உங்களுக்கு பறக்கத் செய்யட்டும் தம்பி. இது நீங்க திருத்தின கூலி."