ஆர்கன்: ஒரு நண்பர்

இசைத்தட்டு தயாரிக்கும் ஆஸ்மண்ட் செய்த முதல் அநியாயம்: பேஸ் கிட்டார்காரன் போட்ட மெட்டைத் தன் பெயரில் எழுதிக்கொண்டான். இரண்டாவது: டிரம்பெட்காரனின் படத்தை அட்டையில் போட்டுவிட்டுப் பெயரை விழுங்கினான். மூன்றாவது, மன்னிக்கவே முடியாதது: இந்தப் புது ரெக்கே இசைத்தட்டு.

அந்த வருடம் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரமே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சடைமுடி வளர்த்த ராஸ்தா மதக்காரர்களின் கை முரசு, அமெரிக்க பாணியில் டிரம்பெட், கிராமத்து பாஞ்சோ, எல்லாவற்றுக்கும் அடியில் தேவாலய ஆர்கன். வாசித்த அத்தனை பேர் பெயரும் அட்டையில் இருந்தது. ஆர்கனுக்கு நேரே மட்டும், "ஒரு நண்பர்".

இசைக்கலைஞர் சங்கத்துக்காரன் நான் சும்மா இருப்பேனா? ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த கூட்டத்தை அப்படியே ஆஸ்மண்ட் வீட்டு வாசலுக்குத் திருப்பினேன். சாட்சிக்குப் போதகரையும் கையோடு இழுத்து வந்தேன். ரெக்கே பிசாசின் பாட்டு என்று சொல்லி, இதே தட்டில் டிரம் அடித்த பையனைப் பாடகர் குழுவிலிருந்து விரட்டியவர் அவர்.

"உழைச்சவன் பேரைச் சொல்லுடா!"

"வேணாம் பிரதர். அந்த மனுஷனுக்கு வேலை போயிடும். அவரேதான் போடாதேன்னாரு," என்று கெஞ்சினான் ஆஸ்மண்ட்.

"கேட்டீங்களா ஜனங்களே? திருடன் கருணை பேசுறான்!"

போதகர் என் தோளைத் தொட்டார். "விட்டுடுங்க பிரதர். வெயில் ஏறுது."

"உங்களுக்கு ரொம்ப இளகின மனசு பாஸ்டர்."

"என் மகனை விரட்டினப்ப அந்த மனசு எங்க போயிருந்துச்சாம்?" என்றாள் பின்னாலிருந்து ஐசில்டா. டிரம் பையனின் தாய். கூட்டம் சிரித்தது.

நான் அவன் வீட்டு ஸ்டூடியோவுக்குள் புகுந்து அந்தத் தட்டின் ஒலிநாடாப் பெட்டியைத் தூக்கி வந்தேன். வாசித்தவர்கள் பெயரை அதன் மூடியில் எழுதிவைப்பது எல்லா ஸ்டூடியோவிலும் வழக்கம். போதகரிடம் நீட்டினேன்.

"பிரசங்கக் குரல்ல படிங்க பாஸ்டர். தெருக்கோடி வரைக்கும் கேக்கணும்."

மூடியைப் பார்த்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. "கண்ணாடி... கொண்டு வரல பிரதர்."

"மூக்கு மேல இருக்கே," என்று பெட்டியைப் பிடுங்கினாள் ஐசில்டா.

படித்தாள். போதகரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சபை மொத்தத்துக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்:

"டிரம், என் மகன் ஈனஸ். ஆர்கன், போதகர் எகர்ட்டன் மெக்னிஷ்."