எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து

ஜன்னல் வழியாக விழும் மதிய வெயிலில் மேசைமேல் கைத்துப்பாக்கி கிடக்கிறது. எதிரே நிற்பவரின் மகளைக் கொன்ற துப்பாக்கி. அதன் எண்ணை யாரோ அரத்தால் ராவி அழித்திருக்கிறார்கள். அழிந்த எண்ணை மறுபடி தெரியவைக்க ஆய்வகத்துப் பெண் அந்த இடத்தில் பஞ்சால் அமிலத்தை ஒற்றி ஒற்றி எடுக்கிறாள். நெடி மூக்கில் ஏறுகிறது. "எல்லை தாண்டி வந்த சரக்காத்தான் இருக்கும். வேரோட புடுங்கிடலாம், கவலைப்படாதீங்க," என்கிறார் இன்ஸ்பெக்டர். தகப்பன் தலையாட்டுகிறார். எல்லைக்கு அப்பால் இருக்கும் முகம் தெரியாத எவனையோ சபித்துச் சபித்துத்தான் இத்தனை நாளும் அவருக்குச் சோறு இறங்கியிருக்கிறது. இரும்பு கறுக்கிறது. கறுப்புக்குள்ளிருந்து எண்கள் மங்கலாக எழும்பி வருகின்றன. அவற்றுக்கு முன்னால் இரண்டு எழுத்துகள். "முன்னெழுத்து வந்துடுச்சு சார். எந்த ஃபாக்டரியில செஞ்சதுன்னு இதை வெச்சே சொல்லிடலாம். மேல விசாரிக்கணும்," என்கிறாள் அந்தப் பெண். தகப்பன் குனிந்து பார்க்கிறார். இரண்டாவது எழுத்தின் கால் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

"யாரையும் விசாரிக்க வேணாம்மா. எங்க ஃபாக்டரிதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறார் இன்ஸ்பெக்டர்.

"துப்பாக்கியில அந்த எழுத்தை அடிச்சுப் பதிக்கிறதே நான்தான் சார்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவர் பக்கம் தள்ளுகிறார். அவர் உட்காரவில்லை. சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன வலது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார்.