மிக்சிக்குப் பத்து நிமிடம்

ரேஷன் அட்டைக்கு நாளொன்றுக்குப் பத்து நிமிட அமைதிதான். அதையும் தெருமுனை அமைதி அறைக்குப் போய் உட்கார்ந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ் கண்டக்டர் சலேத்மேரி அதற்காகவே பகல் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் ஒவ்வொரு இருக்கையும் பேசும். வீட்டிலோ கதவு, விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாமே பேசும்.

அன்று மாலை அவள் கிளம்பும்போது மிக்சி தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அக்கா, காலையிலிருந்து நானும் கத்திக்கிட்டே இருக்கேன். எனக்கும் தலை வலிக்குது."

"மாதாவே! உனக்குத் தலை எங்க இருக்கு?"

"மூடிதான்க்கா."

சலேத்மேரிக்கு மனசு கேட்கவில்லை. மிக்சியை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஓர் அட்டைக்கு ஒருத்தர்தான்," என்றார் அறைக் காவலர் சூசையா. "நீங்களா, மிக்சியா?"

அவளுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது.

"அதுவே போகட்டும் அண்ணே. ஜாரைக் கழட்டிட்டு உட்கார வைங்க. வசதியா இருக்கும்."

அந்தப் பத்து நிமிடமும் அவள் வெளியே, விளம்பரம் பாடும் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

வீடு திரும்பியதும் கதவும் விசிறியும் ஃபிரிட்ஜும் ஒன்றாகக் கத்தின. "நாளைக்கு நான்தான் போவேன்!"

"சும்மா இருங்கடா," என்றது மிக்சி. "அக்காவுக்கும் தலைவலிதான். ஆனா அவங்க நேரத்தை எனக்குக் கொடுத்துட்டாங்க."

வீடு கப்சிப் என்று ஆனது. சலேத்மேரி கண்ணை மூடிப் படுத்தாள். விசிறி மூச்சுவிடாமல் சுற்றியது. ஃபிரிட்ஜ் மட்டும் அவ்வப்போது கதவைச் சற்றே திறந்து, தான் பேசாமல் இருப்பதை அக்கா கவனிக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டது.